நாய்க்கரையில் துண்டு போட்டவர்

நான் கண்ணால் பார்க்கவில்லை. லியெர்கா அக்கா சொன்னார். அவருக்கு, நகம் வெட்டிச் சாயம் பூசும் கடையில் சொன்னார்களாம். கடைக்காரிக்கு, அவளுடைய மைத்துனரோடு வேலை பார்க்கும் யாரோ சொன்னாராம். கடலோரத்தில் ஒரு சிற்றூரின் கடைசி வளைவைத் தாண்டினால் நாய்களுக்கென்றே ஒரு கரை இருக்கிறதாம். அங்கே கழுத்து வாரை அவிழ்த்துவிட்டால் யாரும் முறைக்கமாட்டார்களாம். நாய்களுக்கு ஐஸ்கிரீம்கூட விற்கிறார்களாம். இவை எல்லாவற்றையும்விட, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போன ஒரு கிழட்டு நாய் அந்தத் தண்ணீரில் இறங்கியதாம். கரையேறும்போது ஓடி வந்ததாம்.

இதில் எது செய்தி, எது ஐஸ்கிரீம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசிச் சங்கதி ஸாக்ரெப் நகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி, நெவென்கா அம்மாவின் சமையலறைக்குள் நுழைந்து, மேசைக்கு அடியில் படுத்திருந்த அவருடைய கிழட்டு நாய் மேதோவின் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டது. அதை அங்கிருந்து கிளப்ப யாராலும் முடியவில்லை.

வாசகரே, இந்தக் கட்டுரை அந்த நாயைப் பற்றியது அல்ல. அந்த நாயைக் கடற்கரைக்கு ஒரு நாள் கூட்டிப்போய் வருவதற்கு ஏற்பாடு செய்தவரைப் பற்றியது. ஏற்பாட்டுக்காரர் என்பது தனி இனம். பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார். காபி குடிப்பார், வரி கட்டுவார், லிப்டில் வணக்கம் சொல்வார். ஆனால் அவர் காதுபட யாராவது "எங்கேயாவது போய்ட்டு வரலாமா?" என்று கேட்டுவிட்டால் போதும். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், நாற்காலி முன்னால் நகரும், கை தானாகப் போனை எடுக்கும், குரல் அடிவயிற்றுக்கு இறங்கும். "பொறுங்க, பொறுங்க. இதை என்கிட்ட விடுங்க" என்பார். விட்டீர்களோ, தீர்ந்தது. அந்தக் கணத்திலிருந்து நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள். ஆனால் எப்படிப் போவது என்று உங்களைப்போல அறிந்தவர் நகரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.

எங்கள் கட்டடத்து ஏற்பாட்டுக்காரரின் பெயர் திஹொமிர். லியெர்கா அக்காவின் கணவர். நான்காவது மாடி. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், நடக்கக்கூடிய விபத்துகளை எல்லாம் நடக்கும் முன்பே யோசித்து வைப்பது அவர் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சம்பளமில்லாமல் தொடர்வார். பின்பக்கம் நீண்ட, ஒரு கன்றுக்குட்டியே படுக்கலாம் போன்ற கார் அவரிடம் இருந்தது. அங்கேதான் விஷயம் சிக்கியது. ஏனென்றால் மேதோவும் ஏறக்குறைய ஒரு கன்றுக்குட்டி.

மேதோ என்றால் இவர்கள் பேச்சில் கரடிக்குட்டி. பேர் வைத்தபோது குட்டியாக இருந்திருக்க வேண்டும். இப்போது கரடி மட்டும்தான் மிச்சம். பழுப்பு ரோமம், பழைய சோபாவின் கனம், எல்லோரையும் ஏற்கெனவே மன்னித்துவிட்ட முகம். பின்னங்கால்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஆண் நாய்க்குரிய கம்பீரத்தோடு மரத்தடியில் காலைத் தூக்கி ரொம்ப நாளாகிவிட்டது. தாழ்ந்து உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கும். நாங்கள் எல்லோரும் அப்போது வானத்தைப் பார்ப்போம்.

நெவென்கா அம்மா ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். ஆயுள் முழுக்க நகரத்தைச் சுற்றி வந்தவர்தான். தண்டவாளத்துக்கு வெளியே வண்டி ஓட்டத் தெரியாது. ரயிலில் ஏற்றலாம் என்றால் மேதோவால் படி ஏற முடியாது. பேருந்தில் அந்த அளவு நாயை ஏற்றமாட்டார்கள். நாய் டாக்டரிடம் அந்த அம்மா கடல் சங்கதியைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"ஓடுமா, ஓடாதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. தண்ணிக்குள்ள உடம்பு கனம் தெரியாது, கால் தானா அசையும். அது நிச்சயம். ஆனா செய்யறதா இருந்தா இந்தக் கோடையிலயே செஞ்சிருங்க. அடுத்த கோடையைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

அந்த அம்மா கேட்கவில்லை. நேராக நான்காவது மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒரு நாள். ஒரே ஒரு நாள் போய்ட்டு வந்தாப் போதும்" என்றார்.

"நெவென்காம்மா," என்றார் திஹொமிர் அண்ணன், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல? முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கங்க."

வேறு எந்த இனமும் இந்த வாக்கியத்தை இவ்வளவு அன்போடு சொல்லாது.

இந்த ஊரில் எந்தக் காரியமும் காபிக்கடையில்தான் தொடங்கும். எங்கள் கட்டடத்தின் கீழேயே ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை, வெயில் விழும் பக்கத்து மேசையில், ஆளுக்கு ஒரு கட்டை விரல் அளவு காபியும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக்கொண்டு முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. திஹொமிர் அண்ணன், அவர் மனைவி லியெர்கா அக்கா, நெவென்கா அம்மா, மேசைக்கு அடியில் மேதோ, ஓரமாக நான். எனக்கு நாயும் இல்லை, காரும் இல்லை. ஆனால் ஏற்பாட்டுக்காரருக்குக் கேட்டுத் தலையாட்ட ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டில் ரொம்ப நாள் இருந்தவனைப்போலத் தலையாட்டத் தெரிந்தவன் யார்? யாராவது உறுதியான குரலில் ஒன்றைச் சொன்னால் அது சட்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிற வியாதி எனக்கு உண்டு. திஹொமிர் அண்ணனின் குரல் மிக உறுதியானது.

முதல் பிரச்சினை, எப்போது கிளம்புவது.

"சனிக்கிழமை போகவே கூடாது. ஊரே கடலுக்குப் போகும். சுங்கச்சாவடியில மாட்டுனா அங்கயே மதியச் சாப்பாடு. ஞாயித்துக்கிழமைதான்."

"ஞாயித்துக்கிழமையும் ஊரே போகுதே" என்றார் லியெர்கா அக்கா.

"அதான் இருட்டோட கிளம்பணுங்கறேன்."

"எல்லாரும் கூட்டத்துக்குப் பயந்துகிட்டு இருட்டோடதான் கிளம்பறாங்க. போன வருஷம் இருட்டுலதான் மாட்டிக்கிட்டு நின்னோம். மறந்துபோச்சா?"

"அப்ப அதுக்கும் முன்னாடி கிளம்பணும்."

"யோவ், அப்பிடிப் பாத்தா போன வருஷமே கிளம்பியிருக்கணும்."

திஹொமிர் அண்ணன் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கணம் கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, காற்று. இங்கே மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு காற்று உண்டு, அது அடித்தால் சாலையை மூடிவிடுவார்கள்; கடலிலிருந்து வரும் இன்னொரு காற்று உண்டு, அது அடித்தால் மனிதர்களுக்குத் தலைவலி வரும், கல்யாணங்கள் ஆட்டம் காணும், நீதிபதிகள்கூட அன்று கனிவாக இருப்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டும் அடிக்காவிட்டாலோ, திஹொமிர் அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிடும். "ஏன் ஒண்ணுமே அடிக்கல? என்னமோ வரப்போவுது" என்பார். கடலோரத்தில் இருக்கும் தன் சித்தப்பா மகன் ஃபிரானேக்குப் போன் போடுவார். ஏற்பாட்டுக்காரருக்கு எல்லா ஊரிலும் ஓர் ஆள் இருக்கும். "எனக்கு அங்க ஆள் இருக்கான்" என்பது அவர்களுடைய குலதெய்வத்தின் பெயர்.

"டேய் ஃபிரானே, காத்து எப்பிடி இருக்கு?"

"எந்தக் காத்து?"

"அடிக்கிற காத்து."

"காத்து ஒண்ணும் அடிக்கலையே. வெயில் காயுது, கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. வாங்க."

திஹொமிர் அண்ணன் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு இது சரியாப் படல."

அந்த ஞாயிறும் போயிற்று.

மூன்றாவது கூட்டத்தில் காருக்குள் அடிக்கும் காற்று வந்து சேர்ந்தது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் நடுவில் ஓடுகிற காற்றைப்போலக் கொடிய எதிரி இந்த நாட்டுக்கு வேறு இல்லை. கழுத்துப் பிடிப்பு, காது வலி, முகவாதம், சிறுநீரகக் கோளாறு, பொருந்தாத மருமகன் எல்லாமே அதனால்தான். திஹொமிர் அண்ணன் ஒரு ஜன்னல் மட்டும் திறப்பதாகச் சொன்னார். நாய்க்கு மூச்சு முட்டும் என்றார் நெவென்கா அம்மா. அப்படியானால் நாய் பக்கத்து ஜன்னல். அப்போது எனக்குக் காற்று வராது என்று நான் மெதுவாகச் சொன்னேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காற்று வேண்டும் என்று கேட்கும் ஒரு மனிதனை அவர்கள் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார்கள் போலிருந்தது.

இப்படிச் சொல்வதால் திஹொமிர் அண்ணன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோடையில் எங்கள் கட்டடத்தில் அதிகம் உழைத்தவர் அவர்தான். நாய்க்குத் தனிக் குடை விசாரித்தார். கூழாங்கல் பாதத்தைச் சுடுமா என்று தன் பாதத்தை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வைத்துப் பார்த்து, இரண்டு நாள் நொண்டினார். கடல் நீரை நாய் குடித்துவிட்டால் என்ன ஆகும், ஜெல்லி மீன் கொட்டினால் என்ன ஆகும், பெண் நாய் ஒன்று வந்து மேதோவின் மனதைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் யோசித்தார். போனில் 'மேதோ கடலுக்கு' என்று ஒரு குழு தொடங்கி, குளியலறையிலிருந்தும் லிப்டிலிருந்தும் எங்களுக்குக் குரல்செய்தி அனுப்பினார். ஏன் இத்தனை பாடு? ஏனென்றால் கிளம்பிப் போன பயணத்தில் நூறு குறை இருக்கும். கிளம்பாத பயணத்தில் ஒரு குறையும் இருக்க முடியாது. திஹொமிர் அண்ணனின் பயணங்கள் எல்லாமே குறையில்லாதவை.

நெவென்கா அம்மாதான் பாவம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அவர் வீட்டிலிருந்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியின் மணம் படிக்கட்டு வழியாக எல்லா மாடிக்கும் ஏறும். கடலுக்குப் போகிற குடும்பம் எதுவானாலும் இந்த வறுவலை வெள்ளித்தாளில் சுற்றி எடுத்துப் போகாமல் நகரத்தைத் தாண்டாது. ஒவ்வொரு ஞாயிறு காலையும் பயணம் தள்ளிப்போகும். ஒவ்வொரு ஞாயிறு மதியமும் அதே வெள்ளித்தாளைப் பிரித்து, அந்த அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து, ஆறிய வறுவலைத் தின்போம். கடலைப் பார்க்காமலேயே அந்தக் கோடை முழுக்கக் கடற்கரைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். மேதோவுக்கும் ஒரு துண்டு கிடைக்கும். அது மட்டும் ஏற்பாட்டில் குறை காணவில்லை.

ஆகஸ்ட் நடுவில் மாதா திருநாள். அதற்கு முன்னால் ஊரே கடலில் இருக்கும் என்பதால் போகக்கூடாது. அதற்குப் பிறகு கடல் குளிர்ந்துவிடும் என்பதால் போகக்கூடாது. "அப்ப எப்பதான்யா போறது?" என்று லியெர்கா அக்கா கேட்டார். "சரியான நாள் ஒண்ணு இருக்கு. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் திஹொமிர் அண்ணன். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது.

திருநாள் கழிந்த வாரம் ஒரு காலையில் லிப்ட் கதவு திறந்தபோது உள்ளே மேதோ கிடந்தது. எழுந்திருக்கப் பார்க்கிறது, பின்பாதி எழவில்லை. நெவென்கா அம்மா தன் கம்பளிச் சால்வையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பைக் காதுபோலப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மூவருமாக மரத்தடி வரை போனோம். மேதோ தாழ்ந்து உட்கார்ந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை நிச்சயம்தானே தம்பி?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன பயன் என்று அவருக்கும் தெரியும்.

அன்று மாலை லியெர்கா அக்காவிடம் சால்வையைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்படியே திரும்பி மேலே போனார். நான்காவது மாடியில் கதவு ஒன்று ஓசையோடு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் போனில் குரல்செய்தி வந்தது. திஹொமிர் அண்ணன், மூச்சு வாங்க: "ஞாயிறு. உறுதி. இடம் மட்டும் புடிச்சாச்சுன்னா வேற பிரச்சினையே இல்ல."

இடம் பிடிப்பது என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடித்த பரம்பரை நாம். இங்கே கடற்கரையில் செய்கிறார்கள். நல்ல நிழலில், தண்ணீருக்கு அருகே, முந்தின மாலையே துண்டை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் சாவகாசமாக வந்து, மூதாதையர் நிலத்தில் காலடி வைப்பவரைப்போல அதில் உட்காருவார்கள். நகராட்சிக்காரர்கள் சில ஊர்களில் விடியற்காலையில் வந்து அள்ளிக்கொண்டு போவதுண்டு. அதனால் எல்லாம் இந்த வழக்கம் சாகுமா?

திஹொமிர் அண்ணன் ஐந்து துண்டுகளை எடுத்தார். மனிதர் நால்வருக்கு நான்கு, மேதோவுக்கு ஒன்று. தனக்கென்று அவர் வைத்திருந்தது நீலக்கோடு போட்ட தடித்த துண்டு. அலுவலகத்தில் இருபத்தைந்து ஆண்டு விபத்தில்லாமல் கழித்ததற்குக் கொடுத்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, பேருந்து நிலையத்துக்குப் போய், கடலோரம் போகும் பேருந்தின் ஓட்டுநர் கையில் கொடுத்தார். இங்கே பாதிப் பொருள்கள் இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. அங்கே ஃபிரானே வாங்கிக்கொண்டார்.

"மரநிழல்ல போடு. தண்ணிக்குப் பக்கத்துல. காத்து படாத இடமா இருக்கணும். நாய்ங்க கூட்டம் இல்லாத பக்கமாப் பாரு."

"அண்ணே, அது நாய்க்கரை. யாரும் துண்டெல்லாம் போட்டு வைக்கிறதில்லையே."

"அதான்டா! எவனுக்கும் இந்த யோசனை வரல பாத்தியா?"

காபிக்கடையில் இதை எங்களிடம் திரும்பச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது. ஆமாம், எவனுக்கும் வரவில்லைதான். ஏன் வரவில்லை என்று எங்கள் மேசையில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

ஞாயிறு விடிந்தது. இருட்டோடு கிளம்புவதாக இருந்தது; குடையின் அடிக்கட்டை எங்கே என்று தேடியதில் நன்றாக வெளுத்துவிட்டது. மேதோவைப் போர்வையில் கிடத்தி, நான்கு மூலைக்கு நான்கு பேராகத் தூக்கிக் காரின் பின்பக்கத்தில் ஏற்றினோம். அது பல்லக்கில் ஏற்றப்படும் அரசனைப்போல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. வெள்ளித்தாள் பொட்டலங்கள் ஏறின. குடை ஏறியது. தண்ணீர் ஏறியது. சாவி காரில் தொங்கியது. திஹொமிர் அண்ணன் ஓட்டுநர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அந்த ஒரு காலைப் பார்த்து நெவென்கா அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. ஃபிரானே. திஹொமிர் அண்ணன் எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"என்னடா, துண்டெல்லாம் பத்திரமா?"

"பத்திரம்னா... எப்பிடிச் சொல்றது அண்ணே. நான் இப்ப கரையிலதான் நிக்கறேன். விடியறதுக்கு முன்னாடியே நாய்ங்க வந்துருச்சு."

"வரட்டும். துண்டு எப்பிடி இருக்கு?"

"முதல்ல ஒண்ணு வந்துச்சு. மோந்து பாத்துச்சு. காலைத் தூக்குச்சு. அதுக்கப்புறம் வரிசைதான்."

"வரிசைன்னா?"

"பின்னால வந்ததெல்லாம் முன்னாடி போனதைப் பாத்துட்டுத் தானும் தூக்குது. ரேஷன் கடை மாதிரி நிக்குதுங்க."

"இது புடிச்சு வெச்ச இடம்னு நீ சொல்ல வேண்டியதுதானே!"

"யாருகிட்ட அண்ணே சொல்றது? அதுங்களும் இடந்தானே புடிக்குதுங்க? அதுங்க பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேற. அவ்வளவுதான் வித்தியாசம்."

லியெர்கா அக்கா காரின் கூரையில் நெற்றியை வைத்துக் குலுங்கினார். அழுகிறாரோ என்று முதலில் பயந்தேன்.

"ஒண்ணை ஒரு கறுப்பு நாய் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சு," என்று ஃபிரானே தொடர்ந்தார். "இன்னொண்ணை ரெண்டு குட்டிங்க ஆளுக்கொரு முனையாப் புடிச்சு ரெண்டாக்கிருச்சு. ரெண்டு துண்டை நானே குப்பையில போட்டேன், தொட முடியல. உங்க நீலக்கோட்டுத் துண்டு மட்டும் போட்டது போட்டபடி இருக்கு. ஆனா ஈரம்."

திஹொமிர் அண்ணன் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார்.

"இடம் இல்லாமப் போயி எங்க உக்கார்றது?" என்றார். எங்களைக் கேட்கவில்லை, வானத்தைக் கேட்டார். பிறகு குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. "அவசரப்படக் கூடாது. அடுத்த ஞாயிறு. கரைக்கு இன்னொரு கோடி இருக்குல்ல? அங்க நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன். நாற்காலியை எதுவும் இழுக்காது. நெவென்காம்மா, ஒரே ஒரு வாரம். முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கங்க. டேய் ஃபிரானே, வெச்சிராத, இங்க சரியாக் கேக்கல, மேல போயிப் பேசறேன்."

கட்டடத்துக்குள் போனார். சற்று நேரத்தில் நான்காவது மாடிப் பால்கனியில் தெரிந்தார், காதில் போன், மற்றொரு கையால் நாற்காலியின் அளவைக் காற்றில் வரைந்துகொண்டு.

கீழே, நெவென்கா அம்மா காரின் பின்பக்கம் போய், மேதோவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, போர்வையின் மூலையை எடுத்து மடக்கினார். திரும்ப இறக்க வேண்டும் அல்லவா? டிராம் ஓட்டியவர், கடைசி நிறுத்தம் வந்துவிட்டால் முணுமுணுக்காமல் எழுந்துகொள்ளத் தெரிந்தவர். "இந்தப் பக்கம் புடிங்க தம்பி" என்றார் என்னிடம். நான் பிடித்தேன். அந்தப் போர்வையை இன்னொரு ஞாயிறு தூக்குவோமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மேதோவுக்கு மட்டும் எல்லாம் சரியாக நடப்பதாகவே பட்டது. வாலை ஒருமுறை தட்டியது.

"விடுங்க அவனை" என்றார் லியெர்கா அக்கா.

"என்னம்மா?"

"போர்வையை விடுங்க. ஏறி உக்காருங்க."

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நெம்பியை இழுத்து, கணவரின் நீண்ட கால்களுக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்த இருக்கையை முன்னால் கொண்டுவந்தார். அந்தக் 'கிளிக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, அண்ணன் இன்னும் வரலையே" என்றேன்.

"அவரு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்காரு. நடுவுல தொந்தரவு பண்ணக் கூடாது. நீ ஏறுறியா, இல்ல இங்கயே நின்னு தலையாட்டுறியா?"

ஏறினேன். கார் நகர்ந்தபோது பால்கனியிலிருந்து திஹொமிர் அண்ணன் கையை ஆட்டினார். வண்டியை நிழலில் நிறுத்தப் போகிறோம் என்று நினைத்திருப்பார். லியெர்கா அக்காவும் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார்.

சாலை காலியாக இருந்தது. கூட்டத்துக்குப் பயந்து ஊரே இருட்டோடு போய்விட்டதால் சுங்கச்சாவடியில் நாங்கள் மட்டும்தான். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார் அக்கா. கொடிய எதிரி உள்ளே புகுந்து மேதோவையும் சேர்த்து எங்கள் நான்கு பேரின் தலைமயிரையும் கலைத்தான். யாருக்கும் முகவாதம் வரவில்லை. மலைகளைக் குடைந்த சுரங்கப்பாதைகளுக்கு முன்பே அக்காவின் போன் அடித்தது. அவர் அதை எடுத்து, பார்க்காமலே, வறுவல் பொட்டலங்கள் இருந்த பைக்குள் போட்டுவிட்டார். சுரங்கத்துக்குள் நுழைந்தோம், சத்தம் நின்றது. வெளியே வந்தோம், கீழே கடல்.

இப்போது வதந்திக்கு வருகிறேன். ஐஸ்கிரீம் கடை இருந்தது, மூடியிருந்தது. கரை இருந்தது. எல்லா அளவிலும் நிறத்திலும் நாய்கள், வார் இல்லாமல், ஒன்றின் வாலை மற்றொன்று மோந்துகொண்டு, நனைந்த உடம்பை முன்பின் தெரியாதவர்கள் மேல் உதறிக்கொண்டு. யாரும் எந்த இடத்தையும் பிடித்திருக்கவில்லை. ஒரு நிமிடம் உட்கார்ந்த இடத்தில் மறு நிமிடம் ஒரு நாய் இருக்கும்.

நாங்கள் மேதோவைத் தண்ணீரின் ஓரத்தில் இறக்கினோம். நெவென்கா அம்மா கழுத்து வாரை அவிழ்த்தார். அது நகரவில்லை. ஆயுள் முழுக்க வாரின் மறுமுனையில் இருந்த அந்த அம்மாவின் காலைத்தான் அது உலகத்தின் எல்லை என்று வைத்திருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட கவுனோடு நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு.

"வாடா கிழவா" என்றார். "எவ்வளவு நேரம் நிப்ப?"

மேதோ முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போயிற்று. ஓர் அலை வந்து வயிற்றுக்கு அடியில் புகுந்து தூக்கியது. அதன் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. எதையோ கீழே போட்டுவிட்டோமே என்று தேடுகிறவரின் முகம் அப்படி இருக்கும். கீழே விழுந்தது அதன் கனம். கால்கள் நான்கும் அசைந்தன. அது அம்மாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. திரும்பவும் ஒன்று. டிராம்தான், வேறென்ன? அம்மா நடுவில் நின்று கையைத் தட்டிக்கொண்டே, "ஏறுங்க, ஏறுங்க, கதவு மூடுது!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கரையேறும்போது அது ஓடி வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நடந்துதான் வந்தது, தள்ளாடிக்கொண்டு. ஆனால் சால்வை இல்லாமல். எங்கள் பக்கம் வரவில்லை. நேராக ஒரு மரநிழலை நோக்கிப் போயிற்று. அங்கே, தண்ணீருக்கு அருகே, காற்று படாத இடத்தில், நாலு மூலையிலும் கல் வைத்து, ஒரு நீலக்கோட்டுத் துண்டு விரிந்து கிடந்தது. மேதோ அதை மிக நிதானமாக மோந்து பார்த்தது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலைப் பத்திரிகை படிப்பதுபோல. பிறகு வலது பின்னங்காலைத் தூக்கியது.

பெரிய உயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்கியது. நாங்கள் மூவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

நெவென்கா அம்மா சொட்டச் சொட்டக் கூழாங்கல்லில் உட்கார்ந்து சிரித்தார். லியெர்கா அக்கா வெள்ளித்தாளைப் பிரித்தார். அக்காவின் போன் பொட்டலங்களுக்கு அடியில் அடித்து ஓய்ந்தது. அப்புறம் அம்மாவின் செருப்புக்குள் இருந்த போன் அடித்து ஓய்ந்தது. இப்போது என் சட்டைப் பையில் அடிக்கிறது.

யார் என்று எனக்குத் தெரியும். என்ன கேட்பார் என்றும் தெரியும். எங்கே போனீர்கள் என்று கேட்கமாட்டார். எந்த வழியாகப் போனீர்கள், காற்று எந்தப் பக்கம், திரும்பும்போது கூட்டத்தில் மாட்டாமல் இருக்க எப்போது கிளம்பப் போகிறீர்கள் என்று கேட்பார். சாப்பிடும் வாயோடு இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். எடுக்காதே என்கிறது லியெர்கா அக்காவின் கண்.

வாசகரே, ஏற்பாட்டுக்காரரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது ஒரு இடத்தில், 'அது சரி, வண்டியை எங்கே நிறுத்தினார்கள்? அங்கே நிழல் உண்டா?' என்று உங்கள் மனதில் ஒரு கேள்வி எழுந்ததா? உண்மையைச் சொல்லுங்கள். நான் அதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

எழுந்தது என்றால் கொஞ்சம் கையை நீட்டுங்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்காகத்தான் இருக்கும்.